சுடாத கால்

என் கிளினிக்கில் முகத்தைவிடக் காலுக்குத்தான் மரியாதை அதிகம். காய்ச்சல் என்று வந்தாலும் சரி, காது குடைகிறது என்று வந்தாலும் சரி, ஆள் நடுவயதைத் தாண்டியவராக இருந்தால் முதலில் சப்பாத்தைக் கழற்றச் சொல்லிவிடுவேன். இதனாலேயே ஈப்போவில் எனக்குக் கால் பார்க்கிற டாக்டர் என்று ஒரு பெயர் உண்டு. கை பார்த்துக் குறி சொல்கிறவர்கள் கொழிக்கிற ஊரில், கால் பார்க்கிறவள் ஒருத்தியும் இருந்துவிட்டுப் போகட்டும்.

காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் சனங்கள் இனிப்பு நீர் என்று சொல்லும் சர்க்கரை வியாதியை ரத்தச் சோதனையில் பிடிப்பது அவ்வளவு சுலபமில்லை. சோதனைக்கு இன்ன தேதி என்று சொல்லிவிட்டால் போதும், அதற்குச் சில நாள் முன்பே சோற்றைக் குறைத்து, பாகற்காயைப் பிழிந்து குடித்து, பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் மாதிரி வந்து நிற்பார்கள். ஊசி குத்தி ரத்தம் எடுத்த பஞ்சு கையில் இருக்கும்போதே பக்கத்துக் கோப்பிக் கடையில் ரொட்டி சானாயும் சீனி தூக்கலாகத் தே தாரிக்கும் ஆர்டர் ஆகிவிடும். மாத்திரை விஷயம் இன்னும் மோசம். அடுத்த வீட்டுக்குக் கறிவேப்பிலை கிள்ளிக் கொடுப்பது போல மாத்திரையைக் கொடுத்துவிடுவார்கள். "எங்கக்காவுக்கு இந்த வெள்ள மாத்திர ரொம்ப நல்லா ஒத்துக்கிடுச்சி டாக்டர், அதான் நானும் போட்டுக்கிட்டேன்" என்று ஒருத்தி பெருமையாகச் சொன்னாள். அக்காவுக்குத் தைராய்டு. இவளுக்கு முட்டிவலி.

நான் பிறந்ததும் ஒரு ரப்பர்த் தோட்டத்தில்தான். தலைவலிக்கும் ஊசி, வயிற்றுவலிக்கும் ஊசி என்று குத்தித் தள்ளிய தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரிடம் நானும் பிட்டத்தைக் காட்டி நின்றிருக்கிறேன். அதனால் ஊசி போடாத டாக்டரை எங்கள் ஆட்கள் மதிப்பதில்லை என்பதில் எனக்கு ஆச்சரியம் கிடையாது. நாங்கள் வேதக்காரர்கள். எங்கள் பக்கம் மட்டும் என்ன வாழுதாம். ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, சுகமாகிவிட்டேன் என்று சாட்சி சொல்லிவிட்டு, இன்சுலினைக் குப்பையில் போட்ட சகோதரி ஒருத்தியை நானே ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். ஏறும்போதும் அவள் எனக்காகத்தான் ஜெபித்தாள். என் விசுவாசம் பலப்பட வேண்டுமாம்.

ஆனால் காலை மட்டும் யாராலும் தயார்செய்து கொண்டுவர முடியாது. அது உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும்.

அவர் வந்தது எம்.சி. கேட்டு. உடம்பு முடியவில்லை, வேலைக்கு வர இயலாது என்று டாக்டர் எழுதித்தரும் சீட்டுக்கு இங்கே எல்லாரும் வைத்திருக்கும் பெயர் அது. ஒரு பேரங்காடியில் ஜாகாவாக வாசல் காவல் வேலை பார்ப்பவர். நீல யூனிபாரம், இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை, நெற்றி நிறையத் திருநீறு, அதன் நடுவே குங்குமம். உட்கார்ந்ததும் இருமிக் காட்டினார். பள்ளிக்கூட நாடகத்தில் பிள்ளைகள் அதைவிட நன்றாக இருமுவார்கள்.

"எப்பலேர்ந்து இருமல் அண்ணே?"

"அடுத்த மாசத்துலேர்ந்து டாக்டர்."

"அடுத்த மாசமா?"

"திருவிழா வருது. இப்பவே எழுதிக் கொடுத்துட்டீங்கன்னா எனக்கும் சுசா இல்ல, ஒங்களுக்கும் கஷ்டமில்ல."

என் வாழ்க்கையில் இவ்வளவு நேர்மையாகப் பொய் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. சிரித்துவிட்டேன். சிரித்தபோது மூச்சை உள்ளே இழுத்தேன் பாருங்கள், அப்போதுதான் அந்த வாடை வந்தது. அந்த வாடையை ஒரு தரம் முகர்ந்தவர்களுக்குப் பிறகு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சப்பாத்தக் கழட்டுங்க."

"இருமலுக்கா டாக்டர்?"

"இருமலுக்குத்தான்."

காலுறை சதையோடு ஒட்டியிருந்தது. என்னிடம் வேலை செய்யும் அக்கா, எந்தப் புண்ணுக்கும் அசராதவர், கதவைக் கொஞ்சம் திறந்துவைத்தார். உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் காலுறையைப் பிரித்தோம். வலது காலில் பெருவிரலுக்குக் கீழே, பாதத்தின் மேட்டில், ஒரு குழி. சப்பாத்தைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். ஒன்றும் விழவில்லை. உள்ளே விரலை விட்டுப் பார்த்தால், அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆணி மேலே நின்றது. எத்தனை நாளாக அதன்மேல் நடந்துகொண்டிருந்தாரோ. இடுக்கியால் பிடுங்கி அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்கேர்ந்துலா வந்துச்சி?"

"நோகலியா அண்ணே?"

"எனக்கா?" என் அறியாமைக்காக இரக்கப்படுகிறவர் போலச் சிரித்தார். "என் கால ஆத்தா நோகவிட மாட்டா டாக்டர்."

அப்புறம் கைப்பேசியை எடுத்து வீடியோ போட்டுக் காட்டினார். அவருடைய பழைய தோட்டம் சிலிம் ரிவர் பக்கம். ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை வைத்து, அதையும் பாதி வெட்டி வீடு கட்டிவிட்டார்கள். தோட்டத்து ஆட்களெல்லாம் ஈப்போ அடுக்குமாடிகளுக்கு வந்து, ஜாகாவும் லோரி டிரைவருமாக ஆகிவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வருடா வருடம் திருவிழாவுக்குச் சனம் திரும்பிப் போகிறது, தீ மிதிக்கிறது. அந்த வரிசையில் முதல் ஆள் இவர்தான். தலையில் கரகத்தோடு தீக்குழிக்குள் இறங்குகிறார். ஓடவில்லை. பசாரில் மீன் விலை கேட்டுக்கொண்டு போகிறவர் போல நிதானமாக நடக்கிறார். கரையேறியதும் பெண்கள் கைக்குழந்தையோடு விழுந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள்.

"நான் மொத மொதல்ல எறங்குனப்ப பெரிய குடிகாரன் டாக்டர்," என்றார். "சம்சுச் சாராயந்தான் நமக்குத் தண்ணி. பொண்டாட்டி எனக்காக வேண்டிக்கிட்டா, போங்க, எறங்குங்கன்னா. எறங்குனேன். சூடே தெரியல. துளிகூடத் தெரியல. அங்கேயே உக்காந்து அழுதுட்டேன். இப்படிப்பட்ட நாயிக்கு ஆத்தா இவ்ளோ பெரிய வரம் கொடுத்திருக்காளேன்னு. அன்னைக்கு விட்டேன் குடிய. அவ மேல கை வைக்கிறதையும் அன்னையோட விட்டுட்டேன்."

இதைக் கேட்டுவிட்டுச் சோதனை செய்ய யாருக்கு மனசு வரும். ஆனாலும் செய்தேன். தூண்டில் நரம்பு போன்ற மெல்லிய நைலான் இழை ஒன்று எங்களிடம் உண்டு. அதைப் பாதத்தில் அங்கங்கே வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். உணர்ச்சி இருக்கிற கால் அந்த இழையைக் கண்டுபிடித்துவிடும்.

"கண்ண மூடிக்குங்கண்ணே. நான் தொடுறப்பல்லாம் சொல்லுங்க."

மூடிக்கொண்டார். வலது கால் முழுக்கத் தொட்டேன். இடது கால் முழுக்கத் தொட்டேன். குதிகாலில் அழுத்தினேன், விரல் இடுக்கில் அழுத்தினேன். சாமி கும்பிடுகிறவர் போல அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"ம், ஆரம்பிங்க டாக்டர்," என்றார்.

நான் முடித்துவிட்டு இழையைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். யோசித்துப் பேசுவதெல்லாம் வீட்டுக்குப் போன பிறகுதான். "அண்ணே, இது ஆத்தா இல்ல. இனிப்பு நீர். நரம்பு செத்துப்போச்சி. அதான் ஆணி குத்தினாலும் தெரியல, நெருப்பு சுட்டாலும் தெரியல," என்று போட்டு உடைத்துவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. மீசையைத் தடவிக்கொண்டார். "டாக்டர், நீங்க வேதக்காரங்க. தப்பாச் சொல்லல. ஒங்க ஏசு தண்ணி மேல நடந்தாருன்னு நம்புறீங்கதானே?"

"நம்புறேன்."

"அப்ப அவரு தண்ணி மேல நடந்தா அதிசயம், நான் நெருப்பு மேல நடந்தா மட்டும் இனிப்பு நீரா?"

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். சிறு வயதிலிருந்து ஒரு ஞாயிறு விடாமல் வேதபாட வகுப்புக்குப் போனவள் நான். பஞ்சைத் தேடி எடுத்தேன். புண்ணைச் சுத்தம் செய்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து, கையோடு அனுப்பிவைத்தேன்.

மனிதர் போனார், அது பெரிய விஷயம். அங்கே செத்த சதையை வெட்டி எடுத்து, இனிப்பு நீருக்கு மருந்தும் கொடுத்தார்கள். கட்டு மாற்றுவதற்கு மட்டும் என்னிடம் வருவார். அவர் ஆத்தாவைப் பேச, நான் நரம்பைப் பேச, இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் சண்டை போடுவோம். ஒரு நாள் வரும்போது பை நிறைய ரம்புத்தான் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "தின்னுட்டு ஒங்க சோதனைய நீங்களே செஞ்சி பாத்துக்குங்க," என்றார். புண் மெல்ல மெல்லச் சுருங்கி வந்தது. எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போய்விட்டது. அதனால்தான் சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"இந்தக் காலோட நெருப்புல எறங்குனீங்கன்னா காலு போயிரும். நான் வெரலச் சொல்லல. காலு. ஓடுறவங்க காலு நெருப்புல பட்டும் படாம போயிருது. நீங்க நின்னு நிதானமா நடக்குறீங்க. இத்தன வருசம் புண்ணில்லாத காலு, தப்பிச்சீங்க. இப்ப அது வெந்துரும், வெந்தது ஒங்களுக்குத் தெரியாது."

"சரி டாக்டர்," என்றார்.

எங்கள் ஆட்கள் சொல்லும் 'சரி' எனக்குத் தெரியாததா. பாதிக்கு மேல் "நீங்கள் சொல்லி முடித்துவிட்டீர்களா, நான் கிளம்பலாமா" என்று அர்த்தம்.

அடுத்து வந்தது அவர் மனைவி. பள்ளிக்கூடக் கண்டினில் மீகூன் சேமியா கிண்டுகிறவள். தனியாக வந்தாள், ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்றாள். பட்டையைக் கையில் சுற்றியவுடன் அழ ஆரம்பித்துவிட்டாள். அழும்போது எடுத்தால் அது எந்த ரத்த அழுத்தம். அவிழ்த்து வைத்தேன்.

"காப்புக் கட்டிட்டாரு டாக்டர். கட்டுனா அவுக்க முடியாது, எறங்கித்தான் ஆவணும். காலு புண்ணுக் கட்ட மறைக்க மஞ்சத் துணியெல்லாம் வாங்கி வெச்சிருக்காரு."

"நீங்க சொல்லக் கூடாதா அண்ணி?"

"என்னான்னு சொல்லுவேன்? குடிச்ச காலத்துல அவர நீங்க பாத்ததில்ல. என் பல்லு ஒண்ணு அவரு ஒடைச்சது. அந்த நெருப்புக்கு அப்புறந்தான் எனக்குப் புருசன்னு ஒருத்தர் கெடச்சாரு. இப்பப் போயி அது ஆத்தா இல்ல, சீக்குன்னு நானே சொன்னா, அவரு மறுபடியும் சம்சுக் கடைக்குப் போவ மாட்டாருன்னு நீங்க எழுதித் தருவீங்களா?"

எழுதித்தர முடியாது. அப்படி ஒரு சீட்டு மருத்துவத்தில் இல்லை. கால் வேண்டுமா, குடிக்காத புருசன் வேண்டுமா என்று அவள் முன்னால் வைத்துவிட்டேனே என்று என் மேலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"எனக்கு ரெண்டுமே வேணும் டாக்டர்," என்றாள், நான் எதுவும் கேட்காமலேயே. "நீங்க பூசாரிகிட்டப் பேசுங்க. அவரு சொன்னா கேப்பாரு."

அப்படியாக, அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, சர்ச்சுக்குக் கட்டிய சேலையோடு, கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு, மாரியம்மன் கோயில் பூசாரியைப் பார்க்கத் தெற்கே காரோட்டிக்கொண்டு போனேன். என் அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் ஒரு மாதம் பேசியிருக்க மாட்டாள். செம்பனைக்கு நடுவே திடீரென்று பளபளவென்று புதுக் கோபுரம் நின்றது. தோட்டம் இருந்தபோது அது தகரக் கொட்டகை. தோட்டம் போன பிறகுதான் எங்கள் ஆட்களுக்குக் கோபுரம் கட்ட வசதி வந்தது.

பூசாரி வார நாட்களில் டயர்க் கடையில் வேலை செய்கிறவர். நகக்கண்ணில் கரி. நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். நான் எதிர்பார்த்துப் போனது சண்டை. அவர் கொடுத்தது பாலில்லாத கோப்பி ஓ.

"சுசாலா டாக்டர்," என்றார். "அவரு நடக்கிறதப் பாத்துத்தான் பின்னால நிக்கிறவன் எறங்குறான். மொத ஆளு தயங்குனா மொத்த வரிசையும் தயங்கிரும். ஆனா நீங்க சொல்றதும் காலு வெசயம்." கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒண்ணு செய்யலாம். கரகத்த அவரே குழி வரைக்கும் கொண்டாரட்டும். எறங்க வேணாம். ஓரமா நின்னு எறங்குறவங்களுக்கு வேப்பில வீசட்டும். அவரு காப்பும் நெறவேறிரும். மொத ஆளா வேற ஒருத்தன விடுவோம். ஆத்தா உத்தரவுன்னு நான் சொல்லிர்றேன்."

"ஆத்தா உத்தரவுன்னு நீங்களா சொல்றதா? பொய்யில்லியா அது?"

"எம்.சி. எழுதுறப்ப நீங்க சொல்லாததா டாக்டர்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்தான். கோப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தேன். அவர் சொன்னபடியே செய்தார். கட்டு மாற்ற வந்தபோது நம் ஆள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "ஆத்தா இந்த வருசம் என்னை ஓரமா நிக்கச் சொல்லிட்டா," என்றார். "ஏன்னு தெரியல." அக்கா என்னைப் பார்த்தார், நான் கட்டுத்துணியைப் பார்த்தேன்.

தீமிதி அன்று நானும் போயிருந்தேன். தீக்காயத்துக்கு வேண்டியதையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு பந்தலில் பெண்களோடு உட்கார்ந்துகொண்டேன். யாரோ மோர் கொடுத்தார்கள், யாரோ என் சிலுவையைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல இருந்தார்கள். சாயங்காலம். ஒரு பக்கம் மழை கட்டிக்கொண்டு நின்றது. உறுமி மேளம் காதைப் பிளந்தது. குழியில் கங்கு சிவந்து கிடந்தது. பந்தலில் இருந்த எனக்கே முகம் காய்ந்தது.

நம் ஆள் சொன்ன சொல் தவறாமல் வந்தார். கரகத்தைக் குழியோரம் கொண்டுவந்து நின்றார். காலில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. கையில் வேப்பிலைக் கொத்து. பக்கத்தில் அவர் மனைவி. முதல் ஆளாக இறங்க வேண்டியவர் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், வாட்டசாட்டமான ஆள். குழியோரம் வந்து நின்றார். நின்றபடியே நின்றார். மேளத்தை இன்னும் ஓங்கி அடித்தார்கள். ஆள் நகரவில்லை. முகம் வெளிறிவிட்டது. பின்னால் வரிசையில் சலசலப்பு. அருள் வந்து ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கண்ணைத் திறந்து, என்ன ஆச்சு என்று எட்டிப் பார்த்தார்கள்.

பூசாரி சூப்பர்வைசரைப் பார்த்தார். மேகத்தைப் பார்த்தார். அப்புறம் நம் ஆளைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, கையைக்கூட அசைக்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

வேப்பிலைக் கொத்தை மனைவியிடம் கொடுத்தார் மனிதர். அவள் வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கீழே வைத்துவிட்டு இறங்கினார்.

நான் பந்தலிலிருந்து ஓடினேன். அந்த நிமிடத்தில் அவரைத் திருப்ப முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான் பாக்கி. "ஓடுங்கண்ணே, ஓடுங்க," என்று கரடியாகக் கத்தினேன். உறுமிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் நடந்தார். கரகம் அசையாமல், தலை நிமிர்ந்து, அடிமேல் அடி வைத்து நடந்தார். மஞ்சள் துணியின் ஓரம் கருகிப் புகைந்தது. அவருக்குப் பின்னால் மற்றவர்கள் இறங்கினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, முகம் கோணி, விழுந்தடித்து ஓடி, முடிவில் பால் ஊற்றி வைத்திருந்த குழிக்குள் குதித்தார்கள். அந்தச் சூப்பர்வைசரும் கடைசியில் ஓடினார்.

கரையேறியவர் காலில் முதலில் விழுந்து கும்பிட்டது அவர் மனைவி. அப்புறம் மற்றப் பெண்கள். நான் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போய், அவரை உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பினேன். பார்க்கிற தொழிலைத்தான் இத்தனை வருடமாகச் செய்கிறேன், பார்க்க முடியவில்லை. அவர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். "வந்துட்டீங்களா டாக்டர். பாத்தீங்களா, ஒண்ணுமே தெரியல," என்றார். பேயறைந்தவர் போலப் பூசாரி தள்ளி நின்றார். அவரை என்ன வார்த்தை சொல்லித் திட்டினேன் என்பதை எழுத முடியாது. கோயில் வாசலில் நின்று சொல்லவே கூடாத வார்த்தை.

ஆஸ்பத்திரியில் அவர்களால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தார்கள். இடது கால் தப்பியது. வலது காலில் சீழ் எலும்புக்கு இறங்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செய்தி வந்த அன்று கிளினிக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பூசாரியைத் திட்டினேன். மாரியம்மாளைத் திட்டினேன். தண்ணீர்மேல் நடந்தவரையும் விடவில்லை, இதையெல்லாம் யார் ஆரம்பித்துவைத்தது என்று கேட்டேன். வெளியே அக்கா நோயாளிகளிடம், "டாக்டருக்கு வயித்து வலி," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு எனக்கு ஒரே பயம்தான். ஆள் மறுபடி குடிக்க ஆரம்பித்துவிடுவாரோ என்று. ஆஸ்பத்திரியில் இரண்டொரு தரம் போய்ப் பார்த்தபோதெல்லாம் கிட்டே போய் முகர்ந்து பார்த்தேன். மருந்து வாடைதான் வந்தது.

சில மாதம் கழித்துக் கிளினிக்குக்கு வந்தார். மனைவி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மீசையை மழித்திருந்தார். அது இல்லாமல் முகம் சின்னதாகிவிட்டிருந்தது. வெட்டிய இடம் நன்றாக ஆறியிருந்தது. நான் பாராட்டினேன். அவர் கவனிக்கவில்லை.

"எரியுது டாக்டர்."

"எந்த எடத்துல?"

முழங்காலுக்குக் கீழே காற்றில் கையை நீட்டி, ஒரு பாதத்தின் அளவுக்குத் தடவிக் காட்டினார். அங்கே நாற்காலியின் இரும்பு மிதிகட்டை மட்டும்தான் இருந்தது. "இங்க. உள்ளங்கால் பூரா. கங்க அள்ளிக் கட்டி வெச்ச மாதிரி. தண்ணி ஊத்தலாம்னு பாத்தா, ஊத்த எடமில்ல."

இப்படி வரும் என்று எங்களுக்குத் தெரியும். கால் போனாலும் காலுக்கென்று மூளையில் இருக்கும் இடம் போவதில்லை. அறுபட்ட நரம்பு மேலே தப்புத் தப்பாகச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். அதைத்தான் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். மாத்திரை இருக்கிறது, குறையும் என்றேன். ஆத்தா என்று அவர் ஆரம்பிப்பார், நாமும் இந்தத் தடவை சரி சரி என்று கேட்டுக்கொள்வோம் என்றுதான் இருந்தேன். அவர் ஆத்தா பேச்சையே எடுக்கவில்லை.

"நெருப்பு இப்படித்தான் இருக்குமா டாக்டர்?"

"இப்படித்தான் இருக்கும்ணே."

"எனக்குப் பின்னால ஓடி வந்தாங்களே, அவங்க எல்லாருக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?"

"ஆமா. அதான் ஓடுனாங்க."

"சுடும்னு தெரிஞ்சேவா எறங்குனாங்க?"

"தெரிஞ்சேதான்."

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை. அக்கா வெளியே போய்விட்டார். "சூடு தெரிஞ்சவன் எறங்குனான், அவன் கால யாரும் தொடல," என்றார். "எனக்கு ஒண்ணுமே தெரியல. அப்புறம் எதுக்கு டாக்டர் எல்லாரும் எங்கால வந்து தொட்டுக் கும்பிட்டாங்க?"

நான் மாத்திரைப் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன்.

"மத்தவங்க எதுக்குக் கும்பிட்டாங்கன்னு எனக்குத் தெரியாது," என்றாள் அவர் மனைவி, நாற்காலியின் பின்னாலிருந்து. "நான் கும்பிட்டது குடிக்காம வீட்டுக்கு வந்த கால."